கார் ஆடியோ, மூணு வருஷ அனுபவம்: கரகரப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னா

கார்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர், சிக்னல பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி), நாலு டோர் ஸ்பீக்கர், டிக்கில பாஸுக்குன்னு, அதாவது கனமான அடி சத்தத்துக்குன்னு, ஒரு சப்வூஃபர், எல்லாம் போட்டு மூணு வருஷம் ஓடிருச்சு. முதல் ஆறு மாசம் வெறுத்துப் போச்சுங்க. வால்யூம் பாதிய தாண்டுனாலே பாடுறவங்க குரல் கரகரன்னு வரும், டிரம்ஸ் அடிக்கு டோர் பேடும் சேர்ந்து அதிரும், ஸ்பீக்கர்தான் மட்டம்னு மாத்தவே கெளம்பிட்டேன். கடைசில பாத்தா மாட்டிக் குடுத்தவர் ஆம்ப்ல கெயின கோடி வரைக்கும் திருகி வச்சிருக்காரு.

கெயின் வால்யூம் கிடையாதுங்க. ஹெட் யூனிட்லேர்ந்து (டேஷ்போர்டுல இருக்குற ஸ்டீரியோ) வர்ற சிக்னலுக்கு ஆம்ப்ப பொருத்துற திருகு அது, அவ்ளோதான். ஓவரா வச்சா ஆம்ப் தன் சக்திக்கு மேல குடுக்கப் பாக்கும், அலையோட உச்சி வெட்டுப்பட்டு தட்டையாயிடும், அதுதான் கிளிப்பிங், காதுல கேக்குற கரகரப்பும் அதுதான், அப்படியே விட்டா ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) பொசுங்கிடும்.

ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மொதல்லேர்ந்து செட் பண்ணேன். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் ரெண்டும் ஆஃப், ஈக்வலைசர் எல்லாம் சீரோ, கெயின் அடிமட்டம். ஆம்ப்லேர்ந்து ஸ்பீக்கர் வயர கழட்டிட்டு, ஹெட் யூனிட் வால்யூம முக்கால்ல வச்சு, யூஎஸ்பில 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல போட்டு ஆம்ப் அவுட்புட்ல வச்சேன். வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கி ரூட் எடுத்தா எத்தன வோல்ட் வரணும்னு தெரிஞ்சிடும், என்னோடது 50 வாட்ஸ், 4 ஓம், அப்போ 14.1 வோல்ட் (ஆர்எம்எஸ் வாட்ஸ, அதாவது ஆம்ப் தொடர்ந்து குடுக்குற பவர, எடுங்க, டப்பால பெருசா போட்டிருக்குற மேக்ஸ் வாட்ஸ நம்பாதீங்க). ஸ்குரூடிரைவர மெதுவா திருப்புறேன், கால்வாசி சுத்து கூட ஆகல, மீட்டர் 14 காட்டுது!

அடுத்து ஹை பாஸ் (high-pass) ஃபில்டர், வச்ச அளவுக்கு மேல உள்ள சத்தத்த மட்டும் விடுறது, டோருக்கு 80 ஹெர்ட்ஸ், அதுக்குக் கீழ இருக்குற பாஸ் சப்வூஃபர் வேலை. டோர் அதிர்றது பாதி இதுலயே போச்சு, மீதி டோர் தகட்டுல அதிர்வ அடக்குற டேம்ப்பிங் ஷீட் ஒட்டினதும் நின்னுச்சு. பாஸ் சப்புனு இருந்தா பேலன்ஸ முழுசா ஒரு பக்கம் தள்ளிப் பாருங்க, நடுவுல வச்சா இல்லாத பாஸ் அப்போ திடீர்னு வருதுன்னா ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் மாறிக் கெடக்கு, எனக்கு இடது டோர்ல அப்படித்தான் இருந்துச்சு.

ரெண்டாவது வருஷம் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க கூடவே ஏறுற ஒரு கீச் சத்தம் ஆரம்பிச்சுது. ஆம்ப்போட எர்த் வயர் போல்ட்டுக்கு அடில பெயிண்ட் அப்படியே இருந்துச்சு, சொரண்டி வெறும் இரும்புல முறுக்கினதும் முக்கால்வாசி போயிருச்சு, ஆர்சிஏ வயர (ஹெட் யூனிட்லேர்ந்து ஆம்ப்புக்கு சிக்னல் கொண்டு போறது) பவர் வயர் பக்கத்துலேர்ந்து எடுத்து அந்தப் பக்கமா இழுத்ததும் சுத்தமா இல்ல.

ஈக்வலைசர்ல எதையும் ஏத்த மாட்டேன், எது துருத்துதோ அத கொறைப்பேன், 3 டெசிபெல் ஏத்துனாலே ஆம்ப்புக்கு ரெண்டு மடங்கு பவர் வேணும்ல. ஸ்பீக்கர் இன்னும் அதே பழசுதான், இப்போ பாடகி அடுத்த வரிக்கு முன்னாடி மூச்சு இழுக்குறது வரைக்கும் தெளிவா கேக்குது.