பின்குறி இல்லாத துவக்கு: மூன்று மான் காலங்களுக்குப் பிறகு

இந்தத் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி கேட்டது இதுதான்: "ஏனப்பா, உந்த இடியனுக்கோ ஆயிரத்து நூறு டொலர் குடுத்தனீங்கள்?" அவள் சொன்னதில் பிழையில்லை. வன்னியில் வளர்ந்த எங்களுக்கு, குழல் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டிக் கோலால் இடிக்கிற எதுவும் இடியன்தான். வித்தியாசம், இது ஒன்ராறியோ இடியன். மருந்துக்கு மேல் அடைக்கத் தும்புக்குப் பதிலாக இதற்குத் துணி.

ஹட்சன் பே கம்பனி 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் விலங்குத் தோலுக்கு மாற்றாகப் பூர்வகுடி வேடர்களுக்குக் கொடுத்த வணிகத் துவக்கின் நகல் இது. 20 போர் (குழல் வாயின் அளவு), 36 அங்குலக் குழல், சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பி வெடிக்கவைக்கிற பூட்டு. பூட்டுக்கு மறுபக்கம் பித்தளையில் ஒரு பாம்பு வளைந்து கிடக்கிறது, அசல் துவக்குகளில் இருந்தது போலவே. விசையைச் சுற்றியுள்ள வளையம் அகலமானது. கம்பளிக் கையுறையோடு விரலை விடலாம். மைனஸ் பத்தில் காத்திருந்தால்தான் அந்த வளையத்தின் அருமை தெரியும். குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடுகிற புரி கிடையாது, வழுவழுப்பு. குறி பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற பின்குறியும் கிடையாது. முன்னால் ஒரு சின்னக் குறிமேடு, அவ்வளவுதான்.

பழையதாக வாங்கினேன். யாரிடம், எந்தப் பட்டறையில் செய்தது என்பதைச் சொல்லப்போவதில்லை. குறை இரண்டு சொல்ல இருக்கிறது. கனடாவில் ஒரு வசதி: சக்கிமுக்கி நீளத் துவக்கின் நகல் சட்டப்படி பழம்பொருள் கணக்கில் வருவதால், வைத்திருக்கத் துவக்கு உரிமம் தேவையில்லை. கல்லுக்குப் பதிலாக, அடித்தால் வெடிக்கிற சின்னக் கப் வைத்துச் சுடுகிற நகலுக்கு வேண்டும். வேட்டைக்குப் போவதானால் வேட்டை அனுமதி எப்படியும் வேண்டும்.

முதல் குறை, பொறி. கல் உரசுகிற இரும்புத் தகடு மெத்தென்றிருந்தது. முதல் முப்பது வெடி வரை பொறி மழையாகக் கொட்டியது, பிறகு தகட்டில் பள்ளம் விழுந்து சிவப்பாக நாலு பொட்டு மட்டும். எங்கள் ஊரில் குதிரை லாடம் அடிக்கிற ஒரு கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சி மறுபடி கடினமாக்கித் தந்தார், அறுபது டொலர். இப்போது வெள்ளைப் பொறி. இரண்டாவது குறை, விசை இறுக்கம். ஆரம்பத்தில் குறி தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிக் குறி விசயத்துக்கு வருகிறேன். "புரியில்லாத குழல் பத்தடியில் மாட்டுக் கொட்டிலைக்கூடப் பிடிக்காது" என்று ரைபிள்காரர்கள் சிரிப்பார்கள். நானும் முதல் கிழமையில் அப்படித்தான் நினைத்தேன். 25 மீற்றரில் ஒன்பது அங்குலக் கடதாசித் தட்டு ஒன்றைக் கட்டிவைத்து ஐந்து குண்டு சுட்டேன். தட்டில் பட்டது ஒன்று. மூன்று தட்டுக்கு மேலே, ஒன்று எங்கே போனதென்றே தெரியாது.

மேலே போனதன் காரணம் பிடிபட ஒரு மாதம் எடுத்தது. பின்குறி இல்லாத துவக்குக்குப் பின்குறி உங்கள் கண்தான். கன்னம் பிடங்கில், அதாவது தோளில் வைக்கிற மரக்கட்டையில், எந்த இடத்தில் ஒட்டுகிறதோ அதுதான் கணக்கு. கன்னத்தை அரை விரற்கடை தூக்கினால் குழலின் முதுகு கூடுதலாகத் தெரியும், குண்டு ஏறிப்போகும். நான் முன்குறியை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் தலையைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறேன்! பிடங்கில் கன்னம் படுகிற இடத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டினேன், அந்த மேடு கன்ன எலும்பின் கீழே பட்டால் தலை சரியான இடத்தில் என்று அர்த்தம். செலவு மூன்று டொலர். இந்தத் துவக்கில் நான் செய்த திருத்தங்களில் இதைவிடப் பலன் தந்தது வேறில்லை.

அடுத்தது குண்டு. விற்றவர் 0.590 அங்குலக் குண்டு ஒரு பெட்டி சேர்த்துத் தந்திருந்தார். குழலில் அது கலகலவென்று ஆடும். ஆடுகிற குண்டு குழலின் சுவரில் உரசி உரசி, கடைசியாக எந்தப் பக்கம் தொட்டதோ அதற்கேற்பச் சுழன்றுகொண்டு வெளியே வரும். சுழல்கிற உருண்டை காற்றில் விலகும். கிரிக்கெட்டில் முரளியின் பந்து காற்றிலேயே நகர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1742இலேயே இதைச் சொன்னவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். ஒரு துவக்குக் குழலை இடப்பக்கமாக வளைத்துச் சுட்டு, குண்டு முதலில் இடமாகப் போய்ப் பிறகு வலமாகத் திரும்புவதைத் திரைகள் வைத்துக் காட்டினார். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கோட்டை கட்டும் வேலைக்கு வந்து, 1751இல் கடலூர் சென்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். இந்தக் கதை தெரிந்த பிறகு, குறி தப்பினால் நான் திட்டுவது குறைந்துவிட்டது.

மருந்து வகையில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாற்று மருந்து எதுவும் இந்தப் பூட்டில் ஒழுங்காகப் பற்றுவதில்லை, அசல் கருமருந்துதான் வேண்டும்.

நான் முடிவாக வந்து நின்ற அளவு: இரண்டு எஃப் கருமருந்து (எஃப் கூடக் கூட மருந்து பொடியாகும்) 70 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய நாலரை கிராம், 0.600 குண்டு, தலையணை உறைத் துணியில் வெட்டிய துண்டு, அதற்கு மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும். அந்தக் குண்டு ஏறக்குறைய 21 கிராம். துணி சுற்றி இறக்கும்போது இடிகோல் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். சும்மா வழுக்கிக்கொண்டு போனால் துணி போதாது. பூட்டில் பொறி விழுகிற சின்னக் கிண்ணத்துக்கு நாலு எஃப் பொடி, பாதிக்கு மேல் வேண்டாம்.

இந்த அளவில் 25 மீற்றரில் ஐந்து குண்டும் என் உள்ளங்கையால் மூடுகிற இடத்துக்குள் விழுகின்றன. 40 மீற்றரில் நின்றபடி சுட்டால் ஐந்தில் நாலு தட்டில். 50இல் மூன்று. 75இல் ஒரு மத்தியானம் முழுக்கச் சுட்டுவிட்டு, தட்டைப் புதிதாகவே திருப்பி எடுத்துவந்தேன். மானின் நெஞ்சறை அந்தத் தட்டளவுதான். ஆகவே என் எல்லை 40. அதுவும் மரத்தில் சாய்ந்து, மான் பக்கவாட்டில் நிற்கும்போது.

கண் சிமிட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். விசையை இழுத்ததும் முகத்துக்குப் பக்கத்திலேயே கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிகிறது, குழல் வெடிப்பது அதற்குப் பிறகு. அந்த இடைவெளியில் உடம்பு ஒதுங்கப் பார்க்கும். மச்சான் எனக்குத் தெரியாமல் கிண்ணத்தில் மட்டும் மருந்து போட்டுத் துவக்கைக் கையில் தந்தான். புஸ்ஸென்று எரிந்தது, வெடி இல்லை. ஆனால் குழல் நுனி ஒரு சாண் கீழே குத்தியிருந்தது. இரண்டுபேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் மருந்தில்லாத குழலோடுதான் பயிற்சி.

சென்ற டிசம்பரில் ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. பூட்டின் மேல் மெழுகு தேய்த்த தோல் மூடி போட்டிருந்தும், பெண்மான் ஒன்று தேவதாரு மரங்களுக்கிடையில் வந்து நின்றபோது நான் இழுத்த முதல் இழுவையில் 'டக்' என்று கல் அடித்த சத்தம் மட்டுமே. மருந்து களியாகியிருந்தது. மான் காதைத் திருப்பியது, ஓடவில்லை. பெருவிரலால் கிண்ணத்தை வழித்துச் சட்டையில் துடைத்தேன். சின்னக் கொம்பிலிருந்து புதுப் பொடி. கல்லைப் பிடித்திருக்கிற பூட்டின் குதிரையை இழுத்து நிறுத்தும்போது வந்த 'கிளிக்' எனக்கே இடி மாதிரிக் கேட்டது. தோல் மேடு கன்ன எலும்பில் பட்டது. சுட்டதும் வெள்ளைப் புகை, மான் எங்கேயென்று தெரியவில்லை. கால் மணித்தியாலம் அப்படியே இருந்தேன். பிறகு நடந்து எண்ணிப் பார்த்தேன், என் இடத்திலிருந்து முப்பத்திரண்டு எட்டு. மான் அங்கிருந்து அறுபது மீற்றர் ஓடி விழுந்திருந்தது. குண்டு இரண்டு நுரையீரலையும் கடந்து, மறுபக்கத் தோலுக்கடியில் ஐம்பது சத நாணயம் போலத் தட்டையாகிக் கிடந்தது.

அதே கிழமை எழுபது மீற்றரில் ஒரு கிளைக்கொம்பன் பத்து நிமிடம் மேய்ந்தது. துவக்கைத் தூக்கவேயில்லை. ரைபிள் வைத்திருந்தால் கதை வேறு. அந்த ஆசை உள்ளவர்கள் ரைபிளே வாங்குங்கள், இந்தத் துவக்கு உங்களுக்குச் சரிவராது. அடர்ந்த காட்டில், கிட்ட வரும்வரை காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் இது. வாங்கும்போது கல்லை மாட்டி, இருட்டான அறையில் பத்துத் தரம் தட்டிப் பாருங்கள். பொறி வெள்ளையா சிவப்பா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

துவக்கை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அந்த 0.590 குண்டுகள் எண்பது மட்டில் மிச்சம் இருக்கின்றன, வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள்.