ஒரே சிறுவன், இரு கோப்புகள்: வழக்கு முடிந்தபின் அனுப்புவதா, உடனே சேர்ந்து பார்ப்பதா?

திருட்டு வழக்கில் சிக்கிய முக்கூடல் சிறுவனுக்கு வீட்டில் பாதுகாப்பும் இல்லையென்றால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனை எந்தக் கட்டத்திலும், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் அனுப்பலாம். எப்போது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

காலம்: முடிந்தபின் என்றால், விசாரணைக்குரிய 4 மாதமும் அவன் அதே வீட்டில் அடி வாங்க நேரலாம். உடனே என்றால், அந்த இடைவெளி இல்லை.

அலைச்சல்: முடிந்தபின் என்றால், ஒரு நேரத்தில் ஒரு வாசல்தான். உடனே என்றால், இரு அமைப்புகளும் ஒரே தேதி கொடுக்காதவரை, பீடி சுற்றும் பாட்டி இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். இதை ஏனோ யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அறிக்கை: பையனின் குடும்பச் சூழலை ஆராயும் சமூக விசாரணை இரு பக்கமும் உண்டு. குழுமத்துக்காக அதைச் செய்யும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நலக் குழுவும் பார்த்தால், தகப்பன் அடித்த கதையைப் பையன் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பாட்டியாவது பொறுப்பாக இருந்தால் காத்திருக்கலாம். அடிதான் காரணமென்றால் முதல் நாளிலேயே இரு அமைப்புகளும் வேண்டும்.