ஐட்டரேட்டருடன் 11 ஆண்டுகள்

நிரல் எழுதுவதை ஜாவா மொழியில் தொடங்கினேன், நடுவில் சில ஆண்டுகள் சி ஷார்ப், இப்போது பெரும்பாலும் பைத்தான். மூன்றிலும் தினமும் கையில் புழங்கியது ஒன்றுதான்: ஒரு தொகுப்பில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் லூப். அதற்குப் பின்னால் இருந்து, கேட்கும்போதெல்லாம் அடுத்த பொருளை எடுத்துத் தரும் ஐட்டரேட்டர் எனக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே அலைக்கழித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் ஓராண்டு ஐட்டரேட்டரை நான் தொடவே இல்லை. ஐ என்று ஒரு எண், பூஜ்ஜியத்தில் தொடங்கி சைஸ் (பட்டியலின் அளவு) வரை ஏறும், ஒவ்வொரு முறையும் கெட் போட்டு அந்த இடத்துப் பொருளை எடுப்பேன். எந்த இடத்துப் பொருளையும் நேராக எடுக்கக்கூடிய அரேலிஸ்ட்டில் இது சிக்கல் இல்லாமல் ஓடியது. பிறகு வேறொரு தேவைக்காகப் பட்டியலை, பொருட்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்ட லிங்க்டுலிஸ்ட்டாக மாற்றினோம். லூப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் நொடியில் முடிந்த வேலை நிமிடக்கணக்கில் இழுத்தது. லிங்க்டுலிஸ்ட்டில் 40,000-ஆவது பொருள் வேண்டுமென்றால் ஒரு முனையிலிருந்து கண்ணி கண்ணியாக நடந்துதான் போக வேண்டும். எந்த முனை அருகில் இருக்கிறதோ அங்கிருந்து நடக்கும் என்றாலும், 1 லட்சம் பொருட்கள் இருந்தால் சராசரியாக ஒவ்வொரு கெட்டுக்கும் 25,000 அடி. மொத்தம் 250 கோடி அடி! ஐட்டரேட்டர் தான் நிற்கும் இடத்தை நினைவில் வைத்திருப்பதால் அதே வேலையை 1 லட்சம் அடியில் முடித்துவிடும்.

இந்த "நிற்கும் இடம்" யாரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது பட்டியலிடம் இல்லை, நடப்பவரிடம் இருக்கிறது. அதனால் ஒரே பட்டியலின் மேல் இரண்டு பேர் தனித்தனியாக நடக்கலாம். ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட லூப்புக்குள் லூப் எழுதும்போது நடப்பது இதுதான்.

இனி, அதிகம் பாடுபடுத்திய இடத்துக்கு வருகிறேன்: நடந்துகொண்டிருக்கும்போதே பட்டியலிலிருந்து நீக்குவது.

காலாவதியான உறுப்பினர்களைக் களையும் ஒரு சிறு நிரலை ஜாவாவில் எழுதினேன். ஃபார் லூப்புக்குள்ளேயே, காலாவதி ஆனவர் என்றால் பட்டியலில் ரிமூவ். சோதனைக்கு மூன்று பேர் கொண்ட பட்டியல், நடுவில் இருப்பவர் காலாவதி. சோதனை தேறியது. உண்மையான தரவு வந்ததும் கன்கரண்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன் ("ஒரே நேரத்தில் மாற்றம்" என்ற பிழை) விழுந்தது. பெயரைப் பார்த்து த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஓட்டம்) பிரச்சினை என்று நினைத்து அரை நாள் தேடினேன். த்ரெட் ஒன்றுதான் இருந்தது. பட்டியல் தனக்குள் எத்தனை முறை மாற்றப்பட்டது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஐட்டரேட்டர் புறப்படும்போது அந்தக் கணக்கைக் குறித்துக்கொண்டு, நெக்ஸ்ட் (அடுத்த பொருள்) கேட்கும்போதெல்லாம் ஒப்பிடுகிறது. எண் மாறியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடும்.

சரி, சோதனை எப்படித் தேறியது? மூன்று பேரில் இரண்டாமவரை நீக்கியதும் சைஸ் 2 ஆகிவிட்டது. ஐட்டரேட்டரும் இரண்டு பேரைக் கடந்திருந்தது. இன்னும் பொருள் மிச்சம் உண்டா என்று பார்க்கும் ஹேஸ்நெக்ஸ்ட் இரண்டையும் ஒப்பிட்டு "முடிந்தது" என்று சொல்லிவிட்டது. நெக்ஸ்ட் அழைக்கப்படவே இல்லை, அதனால் சரிபார்ப்பும் நடக்கவில்லை. மூன்றாமவரை நிரல் பார்க்காமலே வெளியே வந்துவிட்டது. கடைசிக்கு முந்தைய பொருளை நீக்கும்போது எப்போதும் இப்படித்தான். அன்றிலிருந்து நீக்கும் நிரலுக்குச் சோதனை எழுதினால் முதல், நடு, கடைசிக்கு முந்தையது, கடைசி, அடுத்தடுத்து இரண்டு என்று ஐந்து வகையும் வைக்கிறேன்.

அடுத்தடுத்து இரண்டு ஏன் என்றால் அது பைத்தானில் கற்றது. அங்கே லிஸ்ட்டில் நடக்கும்போது நீக்கினால் எந்தப் பிழையும் வராது. ஒன்றை நீக்கியதும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும், லூப்போ அதற்கும் அடுத்த இடத்துக்குப் போய்விடும். அருகருகே இரண்டு காலாவதிகள் இருந்தால் இரண்டாவது தப்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. டிக்‌ஷனரி (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) என்றால் பைத்தானும், நடுவில் அளவு மாறிவிட்டது என்று பிழை எழுப்பும். கத்தி நிறுத்தும் பிழையே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சத்தமில்லாமல் தவறவிடுவதைப்போல நேரத்தைத் தின்பது வேறொன்றும் இல்லை.

இப்போது ஜாவாவில், நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை நீக்கும் ரிமூவ்இஃப் பயன்படுத்துகிறேன். 2014-இல் ஜாவா 8 உடன் வந்தது, அரேலிஸ்ட்டை ஒரே சுற்றில் சுத்தம் செய்துவிடும். நடுவில் வேறு வேலையும் இருந்தால் ஐட்டரேட்டரின் ரிமூவ். பைத்தானில் வேண்டியவற்றை மட்டும் புதிய லிஸ்ட்டில் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பொருட்களை முன்கூட்டியே சேர்த்து வைக்காமல் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர். யீல்ட் என்ற ஒரு சொல்லை வைத்து எழுதினால் ஃபங்ஷனே ஐட்டரேட்டராகிவிடுகிறது. இந்த எண்ணம் பழையது. 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவும் அவர் மாணவர்களும் உருவாக்கிய சிஎல்யூ மொழியில் ஐட்டரேட்டரும் யீல்டும் அப்போதே இருந்தன. பைத்தானுக்கு 2001-இல் 2.2 பதிப்பிலும், சி ஷார்ப்புக்கு 2005-இல் 2.0 பதிப்பிலும் வந்தது. நினைவகத்தில் அடங்காத லாக் கோப்புகளை வரி வரியாக எடுத்து, வடிகட்டி, எண்ணி முடிக்க இன்றுவரை இதையே நம்புகிறேன்.

ஆனால் ஜெனரேட்டர் ஒருமுறைதான் நடக்கும். ஒரு அறிக்கையில் முதலில் மொத்தம் கூட்டினேன், அப்புறம் அதே ஜெனரேட்டரை வைத்து வரிகளை அச்சிட்டேன். மொத்தம் சரியாக வந்தது, வரிகள் ஒன்றுகூட வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. தொகுப்பு வேறு, அதன் மேல் நடப்பவர் வேறு என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். லிஸ்ட்டிடம் கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஐட்டரேட்டர் கிடைக்கும். ஜெனரேட்டரிடம் கேட்டால் அது தன்னையே திருப்பித் தரும்.

சி ஷார்ப்பில் வேறொரு சங்கடம்: யீல்ட் உள்ள மெத்தடின் தொடக்கத்தில் நல் (மதிப்பே இல்லாத நிலை) சரிபார்ப்பு வைத்தால், அழைக்கும்போது அது ஓடாது. முதல் பொருளைக் கேட்கும்போதுதான் ஓடும், பிழை தொலைவில் எங்கோ தலைகாட்டும். சரிபார்ப்பை ஒரு மெத்தடிலும் யீல்டை இன்னொன்றிலும் பிரித்து வைத்தால் தீர்ந்துவிடும்.

கடைசியாக, நானே எழுதும் கிளாஸ்கள். முன்பெல்லாம் உள்ளே இருக்கும் லிஸ்ட்டை அப்படியே கெட்டரில் (உள்ளே இருப்பதை வெளியே தரும் மெத்தட்) கொடுத்துவிடுவேன். வெளியிலிருந்து யாரோ அதில் சேர்ப்பார்கள், நீக்குவார்கள், என் கிளாஸ் வைத்திருந்த மொத்தத் தொகை தப்பாகும். இப்போது, "என் மேல் லூப் நடக்கலாம்" என்று அறிவிக்கும் இட்டரபிள் இன்டர்ஃபேஸை எடுத்துக்கொண்டு ஐட்டரேட்டரை மட்டும் தருகிறேன். ஒருமுறை உள்ளே லிஸ்ட்டை மேப்பாக (பைத்தானின் டிக்‌ஷனரி போன்றது) மாற்றினேன், அதைப் பயன்படுத்திய லூப்கள் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு ஓட்டை மட்டும் மிச்சம்: ஜாவாவில் அந்த ஐட்டரேட்டரிலும் ரிமூவ் உண்டு, அதன் வழியாக வெளியாள் நீக்கிவிட முடியும். அதனால் மாற்ற அனுமதிக்காத அன்மாடிஃபையபிள் உறையைப் போர்த்தி, அதன் ஐட்டரேட்டரைத்தான் வெளியே கொடுக்கிறேன்.