அனிமே: நிரந்தர ரைடா, பருவகால விழாவா?

அனிமே எனும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைத் தீம் பார்க்குகள் நிரந்தர ரைடாகக் கட்டலாமா, சில வாரங்கள் மட்டும் நடக்கும் பருவகால விழாவாக வைக்கலாமா? நிரந்தர ரைடு என்றால் கோடிக்கணக்கான டாலர் முதலீடு. பல வருடம் ஓட வேண்டும், பேரனோடு வரும் தாத்தாவும் ஏற வேண்டும். அமெரிக்காவின் யுனிவர்சல் ஹாலிவுட் பூங்கா 2023-இல் வீடியோ கேம் நாயகன் மரியோவை நம்பித் தனி உலகமே திறந்தது. அந்த கேமை அப்பாக்களும் சிறுவயதில் ஆடியிருக்கிறார்கள். 'டீமன் ஸ்லேயர்' என்ற அனிமே தொடரின் நிலை வேறு. 2025-இல் அதன் படம் அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே ஏறத்தாழ 7 கோடி டாலர் அள்ளியது, சரி. ஆனால் அதற்குக் கிடைத்தது 'ஆர்' சான்றிதழ்: 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும். குடும்பப் பூங்காவுக்கு இது இடிக்கும்.

பருவகால விழாவுக்கோ தீவிர ரசிகர்களே போதும். ஜப்பானின் ஒசாகாவில் உள்ள யுனிவர்சல் பூங்கா 'கூல் ஜப்பான்' என்ற பெயரில் பல வருடங்களாக இதைத்தான் செய்கிறது. 2025-இல் ஹாலிவுட் பூங்காவும் தனி டிக்கெட் இரவுகளில் 'ஒன் பீஸ்', 'ஜுஜுட்சு கைசென்' ஆகிய அனிமே தொடர்களை வைத்தது. மவுசு குறைந்தால் வேறு தொடரை மாற்றிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்கே. போகிமான் மட்டும் விதிவிலக்கு: மரியோ போல அதுவும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பழக்கமானது, அதனால் அதற்கு நிரந்தரமாகவே கட்டலாம்.