டி லா சோலா, டிரைபா: எதை முதலில் கேட்பது?

டி லா சோல், எ டிரைப் கால்டு குவெஸ்ட் (சுருக்கமாக டிரைப்) என்ற இரண்டு ஹிப்ஹாப் குழுக்களின் முதல் ஆல்பங்கள் இவை. இரண்டு குழுவும் நியூயார்க் வட்டாரம், ‘நேட்டிவ் டங்ஸ்’ என்ற ஹிப்ஹாப் கலைஞர் கூட்டணித் தோழர்கள். ஆனால் கேட்கும் அனுபவம் வேறு.

டி லா சோலின் ‘3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ 1989இல் வந்தது. அதன் தயாரிப்பாளர் பிரின்ஸ் பால். ஃபங்கடெலிக், ஸ்டீலி டான், ஜானி கேஷ் என எங்கெங்கிருந்தோ பிறர் பாடல்களின் துணுக்குகளை எடுத்துக் கோத்தார். நடுநடுவே ஒரு வினாடி வினா நாடகம் வேறு. அந்தத் தாராளத்துக்கு விலையும் இருந்தது: டர்ட்டில்ஸ் என்ற ராக் குழுவின் பாடல் துணுக்குக்காக வழக்கு வந்தது. துணுக்கு உரிமைச் சிக்கல்களால் 2023 வரை ஸ்ட்ரீமிங்கில் ஆல்பமே இல்லை. அது வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் குழுவின் டேவ் இறந்துபோனார். இன்றும் மனம் கனக்கிறது.

எ டிரைப் கால்டு குவெஸ்டின் முதல் ஆல்பம் 1990இல் வந்தது. நிதானமானது, ஜாஸ் வாசனை கொண்டது. ராக் பாடகர் லூ ரீடின் பாடலிலிருந்து எடுத்த பேஸ் கிட்டார் இசை மீது நடக்கும் ‘கேன் ஐ கிக் இட்?’ ஒன்றே போதும். குழுவின் ராப் பாடகர் ஃபைஃபின் குரல் குறைவாகவே வருகிறது என்பதுதான் குறை.

சரி, என் தேர்வு? டி லா சோல்தான். இரவில் மட்டும் டிரைப்.