சிங்கப்பூர் தேக்கா நிலையத் தோசைக் கடை: சட்னிக்காகவே போகலாம்

தோசை ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் ஊற்றி ஏமாற்றுவதில்லை. சாம்பார் சுமார்தான்.

அரசு தரும், கடையில் காசுபோல் நீட்டக்கூடிய சிடிசி பற்றுச்சீட்டும் வாங்குகிறார்கள். 2024 தொடக்கத்தில் பொருள், சேவை வரி 9 விழுக்காடு ஆனபோது இதே வரிசையில் எத்தனை முணுமுணுப்பு! பற்றுச்சீட்டு வந்ததும் கூடுதலாக ஒரு வடை, அப்புறம் பேச்சே இல்லை. 2025 மே தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 65.57 விழுக்காடு வாக்கு, ஆச்சரியமா என்ன?

எனக்கு முன்னால் நின்ற கட்டுமானத் தொழிலாளித் தம்பி ரொக்கம்தான் நீட்டினார். பற்றுச்சீட்டு சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு மட்டும். பேரங்காடியில் அவர் வாங்கும் சோப்புக்கு வரி மட்டும் அதே 9 விழுக்காடு. இதை மேசையில் சொன்னால், "சரி, சாப்பிடுண்ணே" என்கிறார்கள்.

ஞாயிறு மாலை போகாதீர்கள், உட்கார இடம் கிடைக்காது.