பனிக்கட்டி–நீர், நீர்–நீராவி: இயற்பியல் சமநிலைகள் குறித்த ஓர் ஒப்பீடு

இயற்பியல் மாற்றங்களில் நிலவும் சமநிலையை விளக்கப் புகும்போது பனிக்கட்டியையும் நீரையுமே முதலில் காட்டுவது வழக்கம். 1 வளிமண்டல அழுத்தத்தில், 0 டிகிரி செல்சியஸில், வெப்பக்காப்புள்ள குடுவைக்குள் இவை சேர்ந்திருக்கும்போது உருகும் வேகமும் உறையும் வேகமும் சமமாவதால் இரண்டின் நிறையும் மாறுவதில்லை. எனினும், சமநிலையின் இயல்புகளைக் கற்க நீர்–நீராவி எடுத்துக்காட்டே மேலானது என்று கருதுகிறேன்.

பனிக்கட்டி–நீர்ச் சமநிலைக்கு வெப்பம் புகாத சுவர் வேண்டும். நீராவிக்கோ மூடி வேண்டும். திறந்த கிண்ணத்து நீர் வற்றிப்போவதற்குக் காரணம், வெளியேறிய மூலக்கூறுகள் திரும்பிவர வழியில்லாததே. அடைத்த பெட்டியினுள் ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்துக் காற்றை நன்கு உலர்த்தி, பெட்டியுடன் இணைந்த U வடிவக் குழாயிலுள்ள பாதரச மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பொருளை அகற்றி ஒரு சிறு கிண்ணத்தில் நீரை வைத்தால், குழாயின் வெளிப்புயத்தில் பாதரசம் மெல்ல ஏறத் தொடங்கும். 25 டிகிரியில் இரு புயங்களின் மட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் வேறுபாடு வந்ததும் அது நின்றுவிடும்; இந்த வேறுபாடே நீராவியின் அழுத்தத்தைக் காட்டுகிறது. அப்போதும் ஆவியாதலும் ஆவி நீராகக் குளிர்தலும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. சிறிதளவேனும் நீர் எஞ்சியிருக்கும்வரை, வைத்தது ஒரு கரண்டியா ஒரு குவளையா என்பது அந்த அழுத்தத்தைப் பாதிப்பதில்லை. இரு பக்கமும் சம அளவில் பொருள் இருப்பதுதான் சமநிலை என்ற தவறான எண்ணத்தை இச்சோதனை தெளிவாக நீக்கிவிடுகிறது.

வெப்பநிலையை உயர்த்தும்போது இவ்விரு சமநிலைகளுக்கும் இடையிலான வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அழுத்தம் மாறாதிருக்க, பனிக்கட்டி–நீர்ச் சமநிலைக்கு ஒரே வெப்பநிலைதான் உண்டு. அதைக் கடந்தால் பனிக்கட்டி முழுதும் உருகிச் சமநிலையே இல்லாமற்போகும். நீராவிச் சமநிலையோ புதிய அழுத்தத்தில் மீண்டும் நிலைகொள்ளும்: 25 டிகிரியில் 24 மில்லிமீட்டராக இருந்த ஆவி அழுத்தம் 100 டிகிரியில் 760 மில்லிமீட்டர் ஆகிறது.

கரைதலிலும் இத்தகைய சமநிலை உண்டு. தெவிட்டிய, அதாவது இனி மேலும் சர்க்கரை கரைய முடியாத, சர்க்கரைக் கரைசலில் மாறாமல் நிற்பது செறிவு. கதிரியக்கச் சர்க்கரையைச் சேர்த்தால் சிறிது நேரத்தில் கரைசலிலும் திண்மத்திலும் கதிரியக்கம் தென்படுவது, பரிமாற்றம் ஓயவில்லை என்பதற்கு நேரடிச் சான்று.

வாயு கரையும்போதும் மூடியே முதன்மை பெறுகிறது. கரையும் வாயுவின் அளவு அதன் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803இல் கண்டறிந்தார். சோடா பாட்டிலைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் சட்டெனக் குறைய, மிகையாகக் கரைந்திருந்த வாயு குமிழ்களாக வெளியேறுகிறது. திறந்தே வைத்தால், வெளிக்காற்றிலுள்ள சொற்ப கார்பன் டை ஆக்சைடுடன் புதிய சமநிலை ஏற்படும்வரை அது வெளியேறிக்கொண்டே இருக்கும்.